ஈறு நோயும் அந்தலூஸ் மருத்துவ மேதையும்



பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் கசிந்தால், உடற்சூடு என்று கூறி விட்டுவிடுகிறோம். காரையை எடுத்தால் பல் ஆடிவிடும் என்றஞ்சி மருத்துவரிடமும் செல்வதில்லை. இவ்விரு எண்ணங்களும் தவறானவை என்பதை ஆயிரமாண்டு வரலாறு எடுத்துரைக்கின்றது.

ஸ்பெயினின் குர்துபா நகரருகே மதீனத்துஸ் ஸஹ்ராவில் வாழ்ந்தவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி (ரஹ்). 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அன்னார் இயற்றிய 'அத்தஸ்ரீஃப்', 30 பகுதிகள் கொண்ட மருத்துவக் களஞ்சியமாகும். அதன் இறுதிப் பகுதி அறுவை சிகிச்சை பற்றியது. பற்களின் உள்ளும் புறமும், ஈறுகளின் இடையிலும் படியும் காரையே ஈறுகளைக் கெடுக்கின்றது என்று அதில் அவர் விளக்குகின்றார். நோயாளியின் தலையை மடியில் சாய்த்து, காரை முழுதும் நீங்கும்வரை சுரண்ட வேண்டும். ஒரே அமர்வில் நீங்காவிடில் மறுநாளும் தொடர வேண்டும் என்பது அவர் காட்டிய வழி. அதற்கான பல்வகைக் கருவிகளையும் வரைந்து காட்டினார். ஆடும் பற்களைத் தங்கக் கம்பியால் பிணைக்கும் முறையையும் எழுதிவைத்தார். 12ஆம் நூற்றாண்டில் டொலேடோ நகரில் ஜெரார்ட் என்பவர் இப்பகுதியை லத்தீனில் பெயர்த்தார். ஐரோப்பிய மருத்துவர்கள் பல நூற்றாண்டுகள் அதனைப் பயின்றனர்.

1683இல் ஹாலந்தின் லீவன்ஹூக், பற்களில் படிந்த மாவு போன்ற அழுக்கில் நுண்ணுயிர்கள் நெளிவதை உருப்பெருக்கியில் கண்டார். 1965இல் வெளியான டென்மார்க் ஆய்வொன்றில் 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி கண்டது. மீண்டும் துலக்கியதும் அது நீங்கியது.

ஆகவே, தொடக்க நிலையில் இந்நோய் முற்றிலும் குணமாகக் கூடியது. கவனியாது விட்டால் அழுக்குப் படலம் உமிழ்நீரின் சுண்ணச் சத்தால் இறுகிக் காரையாகின்றது. ஈறு பல்லைவிட்டு விலகுகின்றது. பல்லைத் தாங்கும் எலும்பு கரைகின்றது. பெரும்பாலும் வலி இராது என்பதே இதன் ஆபத்து. காரையை எடுத்தபின் பல் ஆடுவதாகத் தோன்றினால், சுரண்டியது காரணமன்று; எலும்பு முன்னரே கரைந்துவிட்டது. அதுவரை காரை அதனை மறைத்திருந்தது.

நபி (ஸல்) அவர்கள் பெரிதும் வலியுறுத்திய மிஸ்வாக், அன்றாடப் படலத்தை அகற்றவல்லது. ஆயினும் இறுகிய காரையை மருத்துவரின் கருவியே நீக்கும். சுன்னத்தைப் பேணுவோம், சிகிச்சையையும் தவறவிடாதிருப்போம். இரத்தம் கசியும் ஈறு விடுக்கும் எச்சரிக்கையை நம் இல்லத்துப் பெரியோரும் பிள்ளைகளும் உணரச் செய்வோமாக!