சிகாகோவில் குறுந்தொகை கண்ட கவிஞர்

கடல் கடந்து வாழும் தமிழர்க்கு ஒரு கவலை எப்போதும் உண்டு. தாய்மொழி அடுக்களையோடு நின்றுவிடுமோ, பேரப்பிள்ளைகள் காலத்தில் அங்கும் ஒலிக்காமற் போகுமோ என்பதே அக்கவலை. ஜொகூர் மாநிலத்துத் தோட்டங்களை விட்டு நகரங்களிற் குடியேறிய குடும்பங்களிலும் இப்பேச்சு எழாமல் இல்லை. இதற்கு விடை தேடுவோர் அறிய வேண்டிய வாழ்க்கை ஒன்று உண்டு. அமெரிக்காவில் முப்பது ஆண்டுகட்கு மேல் வாழ்ந்து, ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் கவிதை இயற்றி, சங்கப் பாடல்களை உலக வாசகர் கையிற் சேர்த்த ஏ. கே. இராமானுஜனின் வாழ்க்கையே அது.

மும்மொழி வீடு

அத்திப்பட்டு கிருஷ்ணசுவாமி இராமானுஜன் 1929-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 16-ஆம் நாள் மைசூரில் ஒரு தமிழ் வைணவக் குடும்பத்திற் பிறந்தார். தந்தையார் மைசூர்ப் பல்கலைக்கழகத்துக் கணிதப் பேராசிரியர், வான நூல் வல்லவர், சோதிடத்திலும் பற்றுடையவர். மாடியறையில் தந்தையாரோடு ஆங்கிலம், கீழே சமையலறையில் தாயாரோடு தமிழ், தெருவில் இறங்கினால் கன்னடம் என்று மூன்று மொழிகள் அவர் இளமையைப் பங்கிட்டுக்கொண்டன. அவருடைய தமிழ் தாய் தந்த தமிழ். பண்டைத் தமிழ் இலக்கியத்தை அவர் ஆசிரியரிடம் முறையாகப் பயின்றவர் அல்லர்.

மைசூர் மகாராஜா கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்று முதுகலைப் பட்டம் பெற்றபின், கொல்லம், மதுரை, பெல்காம், பரோடா ஆகிய ஊர்களில் ஆங்கில ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர்ப் பூனா டெக்கான் கல்லூரியில் மொழியியல் பயின்றார். 1959-இல் ஃபுல்பிரைட் உதவி பெற்று அமெரிக்கா சென்றார். 1963-இல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அதற்குள் சிகாகோ பல்கலைக்கழகம் அவரை ஏற்றுக்கொண்டது. இறுதிவரை அதுவே அவர் பணியிடமாயிற்று.

நூலகத்திற் கிடைத்த புதையல்

1962-ஆம் ஆண்டு ஒரு சனிக்கிழமை. சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில், பழந்தமிழைத் தொடக்கத்திலிருந்து கற்பிக்கும் இலக்கண நூல் ஒன்றைத் தேடிச் சென்றார் இராமானுஜன். கைக்கு அகப்பட்டதோ, டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1937-இல் உரையுடன் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பு. அங்கேயே தரையில் அமர்ந்து புரட்டினார். ஐயரின் உரைநடை தடையின்றி விளங்கியது. உரை விளங்கவே பாட்டும் திறந்துகொண்டது. அன்று கண்ட வியப்பைப் பின்னாளில் அவரே தம் மொழிபெயர்ப்பு நூலில் எழுதியுள்ளார். சொந்த மரபாயினும் பிறப்பினால் மட்டும் அது ஒருவனுக்கு உரியதாகிவிடாது, முயன்றே அடையவேண்டும் என்பது அவர் அதிலிருந்து கொண்ட முடிவு.

ஏடு தேடி ஊர் ஊராய் அலைந்து ஐயர் காத்துத் தந்த நூல், கால் நூற்றாண்டு கழித்து வேற்று நாட்டு நிலவறையில் ஓர் இளைஞரின் வாழ்வைத் திருப்பியது! பதிப்பாசிரியரின் உழைப்பு எங்கே, எவருக்குப் பயன்படும் என்று யாரால் முன்னறிந்து சொல்ல இயலும்?

மொழிபெயர்ப்பின் திறம்

அம்முயற்சியின் முதற்கனி 1967-இல் வெளிவந்த 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்'. குறுந்தொகைப் பாடல்கள் சில அதில் ஆங்கில உருப்பெற்றன. 'அகநிலம்' எனத் தகும் அப்பெயரே திணைக் கோட்பாட்டின் சாரம். குறிஞ்சியும் நெய்தலும் வெறும் மலையும் கடலும் அல்ல. காதலர் உள்ளத்தின் நிலைகள் என்பதை அந்நூல் பிறமொழியாளர்க்கு உணர்த்திற்று. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை தாங்கிய தனிநாயகம் அடிகள், பழந்தமிழ்ப் பாட்டில் இயற்கை பெறும் இடத்தை ஆங்கிலத்தில் முன்பே ஆராய்ந்திருந்தார். அடிகள் ஆராய்ந்து நிறுவியதை இராமானுஜன் கவிதையாகவே காட்டினார்.

தமிழில் அடைமொழிகள் யாவும் பெயர்க்கு முன்னே அடுக்கி வரும். ஆங்கிலத்தில் நீண்ட அடைத்தொடர்கள் பெரும்பாலும் பின்னே தொடரும். ஆகவே சொல்லுக்குச் சொல் வைத்தால் பாட்டு சிதையும். இராமானுஜன் அடிகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, தாளில் படிப்படியாக உள்ளே தள்ளி அமைத்து, காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக விரியும் முறையைக் காக்க முயன்றார். எதுகையும் மோனையும் அகவலோசையும் அதனால் மறைந்தன என்னும் குறையும் சொல்லப்படுகிறது. அக்குறை உண்மையே. ஆயினும் ஓசையைக் காக்கப் புகுந்து பொருளை இழந்த மொழிபெயர்ப்புகள் பல இருக்க, இவருடையவை ஆங்கிலக் கவிதைகளாகவே நிலைபெற்றன. செம்புலப் பெயனீராரின் பாட்டுக்கு இவர் தந்த ஆங்கில வடிவிலிருந்தே விக்ரம் சந்திரா 1995-இல் தம் புதினத்திற்குப் பெயர் சூட்டினார்.

1973-இல் கன்னட வசனங்களின் தொகுப்பும், 1981-இல் நம்மாழ்வார் பாசுரங்களின் தொகுப்பும், 1985-இல் அகமும் புறமும் சேர்ந்த பெருந்தொகுப்பும் வந்தன. 'ஆழ்வார்' என்னும் சொல்லில் உள்ள ஆழ்தலைக் கொண்டு, மூழ்குவோர்க்கான பாடல்கள் என்று பாசுரத் தொகுப்புக்குப் பெயரிட்டது அவர் நுண்மைக்குச் சான்று.

அவருடைய கவிதைகள்

மொழிபெயர்ப்பாளர் என்ற புகழ் அவருடைய சொந்தக் கவிதைகளை மறைத்துவிடக் கூடாது. 1966-இல் 'தி ஸ்ட்ரைடர்ஸ்', 1971-இல் 'ரிலேஷன்ஸ்', 1986-இல் 'செகண்ட் சைட்' ஆகிய ஆங்கிலத் தொகுதிகள் வெளிவந்தன. குடும்பமும் நினைவும் அச்சமும் அவற்றின் பாடுபொருள். வைகையைப் பற்றிய கவிதை ஒன்று தமிழர் சிந்தனைக்குரியது. பழம்புலவரும் புதுப்புலவரும் வெள்ளத்தையே பாடினர். அவ்வெள்ளம் கொண்டுபோன கருவுற்ற பெண்ணை எவரும் பாடவில்லையே என்று அக்கவிதை இடித்துரைக்கிறது. மரபைப் போற்றுவதும் மரபை வினவுவதும் அவர்பால் ஒருங்கே நின்றன.

அவ்வினாத் தன்மை அவர் மறைந்த பின்னும் பூசலை விளைத்தது. இராமகாதை ஒன்றல்ல, பல என்று காட்டும் அவரது கட்டுரை, வான்மீகியோடு கம்பரையும் சமண நூல்களையும் தாய்லாந்துக் கதையையும் ஒப்பிடுவது. இராமகாதை வழங்கும் மொழிகளென அவர் அடுக்கும் பட்டியலில் மலாயும் உண்டு. அக்கட்டுரையைத் தில்லிப் பல்கலைக்கழகம் எதிர்ப்பின் காரணமாக 2011-இல் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. அறிஞர் பலர் அதனைக் கண்டித்தனர்.

1976-இல் பத்மஸ்ரீ விருதும், 1983-இல் மெக்ஆர்தர் நல்கையும் அவரை அடைந்தன. 1993-ஆம் ஆண்டு ஜூலை 13-ஆம் நாள், சிகாகோவில் அறுவை மருத்துவத்தின்போது உயிர் நீத்தார். மறைவுக்குப்பின் தொகுக்கப்பெற்ற கவிதைகளுக்கு 1999-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

தரும் பாடம்

ஜொகூர் பாருவில் வளரும் தமிழ்ப் பிள்ளை வீட்டில் தமிழும், வெளியில் மலாயும், பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனால் ஆங்கிலமும் பேசுகிறது. மைசூர் வீட்டின் மும்மொழி நிலைக்கு இது மிகத் தொலைவன்று. பல மொழி பேசுவதனால் தாய்மொழி அழிந்துவிடாது என்பதற்கு இராமானுஜன் சான்று. ஆனால் அவர் வாழ்வு மற்றொன்றையும் சொல்கிறது. தாய் ஊட்டிய பேச்சுத்தமிழ் இருந்ததனால்தான் ஐயரின் உரை அவருக்கு விளங்கிற்று. நூலகத்தில் அந்நூல் இருந்ததனால்தான் அவர் கைக்கு எட்டிற்று. வீட்டிற் பேச்சும், எட்டும் இடத்தில் நூலும் இருக்கச் செய்வது பெரியோர் கடமை. நிலவறைக்கு இறங்கித் தேடுவது இளைஞர் கடமை.