பருவ விரிசல்

பருவ விரிசல் என்பது, உள்ளே தகைவு தங்கியிருக்கும் பித்தளைப் பொருள், அம்மோனியா கலந்த ஈரக் காற்று படும்போது, வெளியிலிருந்து அடியோ சுமையோ இன்றித் தானாகவே பிளந்துபோகும் நிகழ்வு ஆகும். இது தகைவு அரிப்பு விரிசல் எனப்படும் பொதுவான உலோகச் சிதைவின் ஒரு வகை. 19 ஆம் நூற்றாண்டில் பிரித்தானிய இந்தியாவில் இருந்த படைகளின் துப்பாக்கித் தோட்டாக்களில், குறிப்பாக உறையின் கழுத்துப் பகுதியில், இவ்விரிசல்கள் காணப்பட்டன. மழைப் பருவத்தை ஒட்டி அவை தோன்றியமையால் இப்பெயர் ஏற்பட்டது.

தோட்டா உறையின் கழுத்து

துப்பாக்கித் தோட்டா ஒன்றில் குண்டு, வெடிமருந்து, தீமூட்டி, இவற்றை ஒன்றாகத் தாங்கும் உறை ஆகிய நான்கு பகுதிகள் உள்ளன. உறை பெரும்பாலும் 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கொண்ட பித்தளையால் ஆனது. இக்கலவை எளிதில் இழுபடும். ஆனால் இழுக்க இழுக்கக் கடினமாகிக்கொண்டே போகும். தட்டையான பித்தளை வில்லையைக் கிண்ணமாக அழுத்தி, பல படிகளில் இழுத்து நீட்டி உறை செய்யப்படுகிறது. பின்னர் அதன் மேற்பகுதி அச்சு ஒன்றினுள் அழுத்தப்பட்டுக் குறுகிய கழுத்தாக்கப்படுகிறது.

கழுத்தின் வேலை குண்டைச் சீரான இறுக்கத்துடன் பிடித்திருப்பதாகும். குண்டைவிடக் கழுத்தின் உள்விட்டம் சிறிதளவு குறைவாக இருப்பதால், குண்டு செருகப்பட்டதும் கழுத்தின் சுவர் சுற்றுவாக்கில் இழுபட்ட நிலையில் இருக்கும். ஆகவே உறை உருவாக்கத்தின்போது தங்கிய எச்சத் தகைவு, குண்டு தரும் இழுவிசை ஆகிய இரண்டும் கழுத்தில் ஒன்றுசேர்கின்றன. சுவரும் அங்கு மெல்லியது. விரிசல்கள் பெரும்பாலும் கழுத்திலேயே நீளவாக்கில் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

வரலாறு

மழைக்காலத்தில் படை நடவடிக்கைகள் குறைந்தபோது தோட்டாக்கள் குதிரை லாயங்களில் சேமித்து வைக்கப்பட்டன. மழை ஓய்ந்தபின் எடுத்துப் பார்க்கையில் பல உறைகள் வெடித்திருந்தன. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது குறையற்றிருந்த உறைகளே இவ்வாறு பிளந்திருந்தன. கழுத்து பிளந்தால் குண்டின் பிடி தளரும். ஈரம் உள்ளே புகுந்து வெடிமருந்தைக் கெடுக்கும். அத்தகைய தோட்டா நம்பத்தகுந்தது அன்று.

இதன் காரணம் 1921 ஆம் ஆண்டு வரை தெளிவாக விளக்கப்படவில்லை. அவ்வாண்டில் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் இங்கிலாந்தில் வெளியிட்ட ஆய்வு, குதிரைச் சிறுநீரிலிருந்து வெளியாகும் அம்மோனியாவும் பித்தளையில் தங்கியிருந்த எச்சத் தகைவும் சேர்ந்தே விரிசலை உண்டாக்கின என்று காட்டியது. பருவத்தின் மீது சுமத்தப்பட்ட பழி, உண்மையில் லாயத்துக்கும் உலோகத்துக்கும் உரியது. மழை செய்தது, தோட்டாக்களை லாயத்துக்குள் கொண்டுசென்றதும் ஈரம் தந்ததுமே.

விரிசல் உண்டாகும் விதம்

சிறுநீரில் உள்ள யூரியாவை நுண்ணுயிரிகள் சிதைக்கும்போது அம்மோனியா வெளியாகிறது. ஈரமும் ஆக்சிசனும் உள்ள இடத்தில் அம்மோனியா செம்புடன் வினைபுரிந்து, நீரில் கரையும் அடர்நீல நிறச் சேர்மத்தை உண்டாக்குகிறது. இதனால் பித்தளையின் மேற்பரப்பு, சிறப்பாகப் படிக மணிகள் ஒன்றையொன்று தொடும் எல்லைகள், அரிக்கப்படுகின்றன. தகைவு இல்லாத பித்தளையில் இது மேலோட்டமான அரிப்பாகவே நின்றுவிடக்கூடும். தகைவு உள்ள பித்தளையிலோ, அரிக்கப்பட்ட எல்லையை அத்தகைவு இழுத்துத் திறக்கிறது. புதிதாக வெளிப்பட்ட உலோகம் மீண்டும் அரிக்கப்படுகிறது. இவ்வாறு விரிசல் சுவர் முழுவதையும் ஊடுருவிவிடுகிறது.

தகைவு, ஏதுவான சூழல், எளிதில் பாதிக்கப்படும் உலோகம் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தால்தான் பருவ விரிசல் தோன்றும். துத்தநாகம் 15 விழுக்காட்டுக்கு மேல் உள்ள பித்தளைகள் எளிதில் பாதிக்கப்படுகின்றன.

தடுப்பு முறை

மூன்றில் ஒன்றை நீக்கினாலே விரிசலைத் தடுக்கலாம். குதிரைகளை நம்பியிருந்த படையில் அம்மோனியாவை முற்றிலும் விலக்குதல் கடினம். பித்தளையை மாற்றினால் உறை செய்யும் முறையே மாறும். எனவே தகைவை நீக்குவதே ஏற்ற வழியாயிற்று. உருவாக்கப்பட்ட பித்தளையை ஏறத்தாழ 250 முதல் 300 பாகை செல்சியசு வரை சூடாக்கினால், கடினத்தன்மை பெரிதும் குறையாமலே எச்சத் தகைவின் பெரும்பகுதி நீங்கிவிடும்.

உறையின் கழுத்தும் தோளும் இதைவிட மிகுதியாகச் சூடாக்கப்பட்டு மென்மையாக்கப்படுகின்றன. அடிப்பகுதி வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருப்பதால் கடினமாகவே விடப்படுகிறது. படைத்துறைத் தோட்டாக்களின் கழுத்தருகே காணப்படும் நீலமும் பழுப்பும் கலந்த நிறமாற்றம் இவ்வெப்பச் செய்முறையின் அடையாளமே, குறைபாடு அன்று. வணிகத் தோட்டாக்களில் இந்நிறம் பெரும்பாலும் மெருகேற்றி அகற்றப்படுகிறது.

சோதனை முறைகள்

எச்சத் தகைவு கண்ணுக்குப் புலப்படாது. எனவே மாதிரிப் பொருளை மெர்க்குரசு நைத்திரேட்டுக் கரைசலில் அமிழ்த்தி, விரிசல் தோன்றுகிறதா எனப் பார்க்கும் சோதனை உருவாக்கப்பட்டது. ஏஎஸ்டிஎம் பி154 என்னும் தர ஆவணம் இதனை விவரிக்கிறது. பாதரசம் நச்சுத்தன்மை உடையது என்பதால், அம்மோனியா ஆவியில் வைத்துச் சோதிக்கும் முறைகளும் பின்னர் வகுக்கப்பட்டன. ஐஎஸ்ஓ 6957 அவற்றுள் ஒன்று.

மறுபயன்பாட்டு உறைகள்

சில நாடுகளில் குறிபார்த்துச் சுடும் விளையாட்டினர், சுட்ட உறைகளை மீண்டும் பயன்படுத்துகின்றனர். சுடும்போது கழுத்து விரிகிறது. மறுபடியும் குண்டைப் பிடிப்பதற்காக அது அச்சினால் குறுக்கப்படுகிறது. கழுத்தை மட்டும் குறுக்கும் முறையும், உறை முழுவதையும் பழைய அளவுக்குக் கொண்டுவரும் முறையும் உள்ளன. எம்முறையாயினும் கழுத்து ஒவ்வொரு சுற்றிலும் விரிந்து சுருங்கிக் கடினமாகிறது. முடிவில் நீளவாக்கில் பிளக்கிறது.

இப்பிளவு பருவ விரிசலைப் போலவே தோன்றினாலும், அம்மோனியா இன்றியே ஏற்படக்கூடியது. எனினும் இவ்வாறு தகைவேறிய கழுத்து பருவ விரிசலுக்கும் எளிதில் இரையாகும். அம்மோனியா கலந்த உலோக மெருகுநீர்மங்களை உறைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவுறுத்தப்படுவது இதனாலேயே.

பிற துறைகளில்

பருவ விரிசல் தோட்டாக்களுக்கு மட்டும் உரியது அன்று. கால்நடைக் கொட்டகைகள், உரக் கிடங்குகள் போன்ற இடங்களில் உள்ள பித்தளைக் குழாய் இணைப்புகளும் திருகுகளும் இவ்வாறே பிளக்கக்கூடும். அம்மோனியாவைக் குளிரூட்டியாகக் கொண்ட பனிக்கட்டித் தொழிற்சாலைகளில் செம்புக்கும் பித்தளைக்கும் மாற்றாக எஃகுக் குழாய்கள் பயன்படுத்தப்படுகின்றன. ஆய்வுச்சாலையில் வலிமையானதாகத் தேறிய உலோகம், தான் இருக்கும் சூழலில் வலுவிழக்கக்கூடும் என்பதற்குப் பருவ விரிசல் ஒரு தொடக்ககால எடுத்துக்காட்டாகும்.