‘எல்லாப் பாடசாலைகளும்’ எண்டால் எவை?

‘ஹூசியர்ஸ்’ எண்ட 1986ஆம் ஆண்டுப் படத்தை போன மாதம் ஹொஸ்டலில் இருந்து பார்த்தோம். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், சின்ன ஊர் ஒண்டின் பாடசாலை அணி பெரிய நகரத்துப் பாடசாலைகளை எல்லாம் வெண்டு கூடைப்பந்தாட்டச் சம்பியனாகிற கதை. கடைசி நொடியில் பந்து வலைக்குள் விழ, அறையில் இருந்த எல்லாரும் கைதட்டினோம். பிறகு அந்தக் கதையின் உண்மைப் பின்னணியைத் தேடி வாசித்தேன். வாசிக்க வாசிக்க, படத்தில் வராத இன்னொரு பாடசாலைதான் மனசில் நிண்டது.

முதலில் அங்கத்தைய அமைப்பைச் சொல்லவேணும். எங்களுக்குப் பாடசாலை விளையாட்டு எண்டால் வலயம், மாகாணம், அகில இலங்கை. எல்லாத்துக்கும் மேல கல்வி அமைச்சு. அமெரிக்காவில் அப்படி இல்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனிச் சங்கம். இந்தியானாவின் உயர்பாடசாலை விளையாட்டுச் சங்கம் 1903இல் தொடங்கியது. அது அரச திணைக்களம் அல்ல. பாடசாலைகள் தாங்களாகச் சேர்ந்து நடத்துகிற அமைப்பு. படிக்காத ஆக்களையும் வயசு கூடினவர்களையும் இறக்கி விளையாடிய காலம் அது. ஒழுங்கு ஒண்டு தேவைப்பட்டது உண்மைதான். ஆர் விளையாடலாம், எந்த வயசு வரை, பாடசாலை மாறினால் என்ன நடக்கும் எண்டதையெல்லாம் சங்கமே தீர்மானித்தது. சேருவது விருப்பம் எண்டுதான் பேர். ஆனால் சேராத பாடசாலைக்கு மாநிலப் போட்டி இல்லை.

கூடைப்பந்தாட்ட மாநிலப் போட்டி 1911இல் தொடங்கியது. அதன் பெருமையே, பெரிய பாடசாலை சின்னப் பாடசாலை எண்ட பிரிவு இல்லாததுதான். எல்லாருக்கும் ஒரே போட்டி, ஒரே கிண்ணம். 1954இல் 161 மாணவர் மட்டுமே படித்த மைலன் பாடசாலை, 750 அளவிலான பாடசாலைகள் பங்குபற்றிய போட்டியில் இறுதிவரை வந்து, மன்சி சென்றல் எண்ட பெரிய பாடசாலையை 32–30 எண்டு வெண்டது. கடைசிப் பந்தைப் போட்டவர் பொபி பிளம்ப். படத்துக்குக் கரு இந்த வெற்றிதான்.

சரி, அந்த ‘எல்லாரும்’ ஆர்?

இந்தியானாவில் 1920களில் கு க்ளக்ஸ் கிளானின் செல்வாக்கு உச்சத்தில் இருந்தது. அந்தச் சூழலில்தான் தலைநகர் இந்தியானாபொலிசில் கறுப்பினப் பிள்ளைகளைப் பிரித்து வைக்க ஒரு உயர்பாடசாலை கட்டினார்கள். 1927இல் அது திறக்கப்பட்டது. அதற்கு தோமஸ் ஜெபர்சனின் பேரை வைக்கத்தான் முதலில் யோசித்தார்கள். கறுப்பின மக்கள் அதை எதிர்த்து மனுக் கொடுக்க, 1770இல் பொஸ்டன் படுகொலையில் உயிரிழந்த கிறிஸ்பஸ் அற்றக்சின் பேர் வந்தது.

அந்தப் பாடசாலை சங்கத்தில் சேரக் கேட்டது. சங்கத்தை நீண்டகாலம் நடத்திய ஆர்தர் ட்ரெஸ்டர் மறுத்தார். அவர் சொன்ன காரணத்தைக் கவனியுங்கோ: அங்க வெள்ளையினப் பிள்ளைகள் படிக்கவில்லை, எனவே அது எல்லாருக்கும் பொதுவான பாடசாலை இல்லையாம்! வெள்ளையினப் பிள்ளைகளோட படிக்க விடாமல் பிரித்ததும் அவர்கள்தான். பிரிந்து இருக்கிறீங்கள் எண்டு வாசலில் மறித்ததும் அவர்கள்தான். கத்தோலிக்கப் பாடசாலைகளுக்கும் அதே கதவு மூடியிருந்தது.

அதனால் அற்றக்ஸ் அணி கேரி ரூஸ்வெல்ட், எவன்ஸ்வில் லிங்கன் போன்ற கறுப்பினப் பாடசாலைகளைத் தேடித் தூரப் பயணம் செய்தது. மாநிலம் தாண்டியும் போனது. 1941இல், இந்தியானாவின் முதல் கறுப்பினச் செனட்டர் ரொபேர்ட் புரோக்கன்பர் சங்கத்தைத் திறக்கச் சொல்லிச் சட்டமூலம் கொண்டுவந்தார். செனட்டில் நிறைவேறியது, கீழ்ச்சபையில் தோற்றது. ஆனாலும் அழுத்தம் வேலை செய்தது. 1942இல் சங்கம் கதவைத் திறந்தது. அற்றக்ஸ் தொடங்கி அப்போது பதினைந்து வருசம். அதற்குள் எத்தனை அணிகள் ஒரு மாநிலப் போட்டியும் ஆடாமலே படிப்பை முடித்துப் போயிருக்கும்!

இப்ப மைலனின் 1954க்குத் திரும்புவோம். அரையிறுதிக்கு முந்தின கட்டத்தில் மைலன் 65–52 எண்டு வெண்டது வேறு ஆரையும் இல்லை, அற்றக்சைத்தான். தோற்ற அணியில் ஒஸ்கார் ரொபேர்ட்சன் எண்ட பெடியன் இருந்தான். அடுத்த வருசம், ரே குரோவின் பயிற்சியில் அற்றக்ஸ் சம்பியன் ஆனது. இறுதியில் அவர்களிடம் 97–74 எண்டு தோற்றது இன்னொரு கறுப்பினப் பாடசாலையான கேரி ரூஸ்வெல்ட். அமெரிக்காவில் எல்லாப் பாடசாலைகளுக்கும் திறந்த ஒரு மாநிலக் கிண்ணத்தைக் கறுப்பினப் பாடசாலை வெண்டது அதுவே முதல்தடவை. 1956இல் ஒரு ஆட்டமும் தோற்காமல் திரும்பவும் வெண்டார்கள்.

வெல்லுகிற அணி நகர நடுவில் உள்ள நினைவுத்தூண் வட்டத்தில் கொண்டாடுவது வழக்கம். 1955இல் அற்றக்ஸ் அணியை அந்த வட்டத்தில் நிற்க விடாமல், கறுப்பின மக்கள் வாழும் பக்கத்துப் பூங்காவுக்குக் கொண்டுபோனார்கள். கிண்ணம் கிடைத்தது, நகரத்தின் நடு கிடைக்கவில்லை. ரொபேர்ட்சன் பிறகு உலகப் புகழ் பெற்றும் இந்தக் காயத்தைப் பலமுறை பேசியிருக்கிறார்.

பெண்பிள்ளைகள் இன்னும் காத்திருந்தார்கள். ஆண்களுக்கு 1911இல் தொடங்கிய மாநிலக் கூடைப்பந்தாட்டப் போட்டி, பெண்களுக்கு 1976இல்தான் வந்தது. கல்வியில் பால் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் வந்த பிறகு. அதாவது 65 வருசம் ‘எல்லாருக்கும் ஒரே கிண்ணம்’ எண்டு சொன்னபோது, பாதிப் பிள்ளைகள் கணக்கிலேயே இல்லை.

1997–98 பருவத்தில் சங்கம் ஒரே கிண்ணத்தைக் கைவிட்டு, மாணவர் தொகைப்படி நாலு பிரிவாக்கியது. இந்தியானாவில் பலருக்கு இன்றும் அது கவலை. மைலன் மாதிரிக் கதை இனி வராது எண்டு சொல்லுகிறார்கள். அந்தக் கவலை எனக்கும் விளங்குது. ஆனால் இழந்த பொற்காலம் எண்டு சொல்லும்போது, ஒரே கிண்ணம் உண்மையில் எல்லாருக்குமாக இருந்தது எத்தனை வருசம் எண்டும் எண்ணிப் பார்க்கவேணும். எந்தப் போட்டியிலும் முதல் ஆட்டம் மைதானத்தில் நடப்பதில்லை. ஆரைச் சேர்ப்பது எண்ட கூட்ட அறையில்தான் அது நடக்குது.

‘ஹூசியர்ஸ்’ பார்ப்பீங்கள் எண்டால், கடைசி ஆட்டத்தில் தோற்கிற அணியின் வாங்குப் பக்கம் ஒருக்காப் பாருங்கோ. அங்க பயிற்றுநராக இருக்கிறவர் நடிகர் இல்லை. 1955இலும் 1956இலும் உண்மையாகவே கிண்ணம் வெண்ட அதே ரே குரோ.