ஆதகூர் காளியும் எங்கள் செவலையும்

பெங்களூர் கஸ்தூர்பா சாலையில் சிவப்புக் கட்டடமாக அரசு அருங்காட்சியகம் இருக்கிறதல்லவா, அதனுள்ளே ஒரு நாய்க்கு எடுத்த கல் இருக்கிறது. 1989-ல் தபால் இலாகாப் பயிற்சிக்காக அங்கே போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, அறையில் பொழுது போகவில்லை. கூடத் தங்கியிருந்த மாண்டியா நண்பர், "வாங்க சார், எங்க ஊர்க் கல் ஒன்று காட்டுகிறேன்" என்று கூட்டிப் போனார்.

நான் ராஜா ராணிச் சிலை எதையோ காட்டப் போகிறார் என்று நினைத்தேன். கல்லில் ஒரு நாயும் ஒரு காட்டுப்பன்றியும் மோதிக்கொண்டு நின்றன. சுற்றிலும் பழைய கன்னட எழுத்து. நண்பருக்கும் அது படிக்க வரவில்லை. பக்கத்திலிருந்த பலகையைப் பார்த்துத்தான் சொன்னார். சொல்லி முடித்தபோது நான் பேசாமல் நின்றிருந்தேன். "என்ன சார்?" என்றார். "ஒன்றுமில்லை, சின்ன வயதில் எங்கள் வீட்டிலும் ஒரு நாய் இருந்தது" என்றேன். அதற்கு மேல் அவரிடம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

முதலில் அந்தக் கல்லின் கதை. அது எங்கேயோ கன்னட நாட்டுக் கதை என்று விட்டுவிட முடியாது. நம் தக்கோலத்தில் தொடங்குகிறது.

பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்குத் தக்கோலம் தெரிந்திருக்கும். அரக்கோணத்திலிருந்து செங்கல்பட்டு போகிற ரயிலில் போனால் அந்தப் பெயரில் ஸ்டேஷனே வரும். திருவூறல் என்ற பாடல் பெற்ற தலமும் அதுதான். 949-ல் அங்கே பெரிய யுத்தம். ஒரு பக்கம் பராந்தக சோழனின் மூத்த மகன் ராஜாதித்தன். எதிரே ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன், அவனுக்குத் துணையாகக் கங்க நாட்டு அரசன் பூதுகன். ராஜாதித்தன் யானை மேலிருந்தபடியே உயிர் விட்டான். 'யானை மேல் துஞ்சிய' என்ற அடைமொழி அதனால்தான் வந்தது. சோழர் கை தாழ்ந்து, தொண்டை நாடு பல வருஷம் கிருஷ்ணன் வசம் இருந்தது. நம் பக்கத்துக் கல்வெட்டுகளில் 'கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன்' என்று வருகிறவன் இந்தக் கிருஷ்ணன்தான்.

ராஜாதித்தனைக் கொன்றவன் பூதுகன் என்று ஆதகூர்க் கல் சொல்கிறது. அதற்காகப் பூதுகனுக்குக் கிடைத்த பரிசு சின்னதல்ல: வனவாசி பன்னீராயிரம், பெள்வொலம் முந்நூறு என்று நாடு நாடாக அள்ளிக் கொடுத்திருக்கிறான் கிருஷ்ணன். சரித்திரப் புத்தகம் எழுதுகிறவர்கள் இந்தக் கல்லைத் தேடிப் போவது இந்தச் செய்திக்காகத்தான். ஆனால் கல் நட்டது அதற்காக அல்ல.

பூதுகனிடம் மணலேரன் என்று ஒரு சேவகன். அவனும் அந்தப் போரில் நன்றாகச் சண்டையிட்டான். அரசர் மனம் மகிழ்ந்து, "என்ன வேண்டும், கேள்" என்றார். ஊர் கேட்டிருக்கலாம், பொன் கேட்டிருக்கலாம். அவன் கேட்டது காளி என்ற வேட்டை நாயை!

கிடைத்தது. கொண்டுபோனான். கேழலை நாட்டில் பெளத்தூருக்கு மேற்கே ஒரு மலை. அங்கே ஒரு பெரிய பன்றி மேல் காளியை விட்டார்கள். பன்றியும் நாயும் ஒன்றையொன்று கொன்று, இரண்டும் சேர்ந்தே செத்தன.

பழங்கன்னடத்தில் பன்றிக்குப் 'பந்தி', நாய்க்கு 'நாய்' தானாம். அந்த இடத்தை நமக்கு யாராவது படித்துக் காட்டினால் பாதிக்கு மேல் மொழிபெயர்ப்பே வேண்டாம்.

மணலேரன் தன் ஊரான ஆதகூரில் (இப்போது மாண்டியா மாவட்டம், மத்தூர் பக்கம்) சல்லேசுவரர் கோயிலுக்கு முன்னால் இந்தக் கல்லை நட்டான். சும்மா நட்டுவிட்டுப் போகவில்லை. ஊர்ப் பெரிய ஏரிக்குக் கீழே இரண்டு கண்டுகம் விதைப்பாடு நிலம் அதற்கு எழுதிவைத்தான். நிலத்துக்குக் கெடுதல் செய்கிறவனுக்குப் பாவம். அந்தக் கோயில் பூசாரி இந்தக் கல்லுக்குப் பூசை செய்யாமல் சாப்பிட்டால் அவனுக்கும் பாவம். ஏரிப் பாசன நிலம், தினசரிப் பூசை, சாபம் - ஒரு நாய்க்கு!

நம் பக்கத்திலும் நாய்க்குக் கல் உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திர பல்லவனின் 34-ம் ஆட்சியாண்டு நடுகல் ஒன்று. கருந்தேவகத்தி என்ற வீரன் மாடு பிடிச் சண்டையில் இறந்தான். அவன் நாய் கோவிவன் கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது. கல்லில் வீரனுக்குப் பக்கத்தில் நாயும் நிற்கிறது, பெயரோடு. ஆனால் கோவிவன் எசமானனோடு நின்று, தானாகப் பாய்ந்த நாய். காளி அப்படியில்லை. ஏவி விடப்பட்டது. கல்லே அப்படித்தான் சொல்கிறது. இந்த ஒரு வித்தியாசம்தான் அன்றைக்கு என்னைப் பேசவிடாமல் செய்தது.

எங்கள் ஊர் சிவகிரிக்கு மேற்கே, மலையடிவாரம். தாத்தாவுக்கு மலையை ஒட்டி மூன்று ஏக்கர் புஞ்சை. கடலை போட்டால் பாதி நமக்கு, பாதி பன்றிக்கு. காட்டுப்பன்றி கடலைக் கொல்லையில் இறங்கினால் ஏர் ஓட்டின மாதிரி உழுது போட்டுவிடும். மார்கழி தையில் ராக்காவல் இல்லாமல் ஒரு கொடி மிஞ்சாது.

காவலுக்குச் செவலை என்று ஒரு நாய். கோம்பை ஜாதி என்று தாத்தா சொல்வார். செம்மண் நிறம், மூஞ்சி மட்டும் கறுப்பு. எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் சிப்பிப்பாறை நாய்தான் அதிகம். ஒல்லியாக, காற்று மாதிரி ஓடும், முயலுக்கு அதை விட்டால் ஆள் கிடையாது. ராஜபாளையம் வெள்ளை நாய் பெரிய வீடுகளில் இருக்கும். (2005-ல் ராஜபாளையம் நாய்க்குத் தபால் தலை வெளியிட்டார்கள். என் கையாலேயே கவுண்டரில் விற்றேன். கோம்பைக்கு இல்லையே என்று எனக்குக் குறைதான்.) பன்றிக்கு எதிராக நிற்க நெஞ்சு அகலமான கோம்பை வேண்டும் என்பது தாத்தாவின் கட்சி.

ஆனால் அவர் செவலையைப் பன்றி மேல் விட்டதே இல்லை. பரண் காலில் கயிறு போட்டுக் கட்டியிருப்பார். அது குரைக்கும், நாங்கள் தகரத்தைத் தட்டித் தீப்பந்தத்தைக் காட்டுவோம், பன்றி போய்விடும். "குரைக்கிறதுக்குத்தாம்லே நாயி. பன்னியக் கொல்லுறதுக்கு இல்ல" என்பார்.

அவருக்குத் தெரியும். அவர் இளவட்டமாக இருந்தபோது மலைக்கு வேட்டைக்குப் போனவர்களோடு போயிருக்கிறார். உடும்பு, முயல் வரைக்கும் நாய்க்கு விளையாட்டு. முள்ளம்பன்றி என்றால் வினை. அது முள்ளை எறியும் என்று இப்போதும் சிலர் சொல்கிறார்கள், எறியாது. ஓடிக்கொண்டே இருந்துவிட்டு, திடீரென்று பின்பக்கமாக வந்து மோதும். துரத்திப் போன நாயின் மூஞ்சியிலும் மார்பிலும் முள் ஏறிவிடும். நாயின் வாயைத் துண்டால் கட்டி, இரண்டு பேர் அமுக்கிக்கொண்டு, குறட்டால் ஒவ்வொன்றாக நேராக இழுக்க வேண்டும். கோணலாக இழுத்தால் நுனி உள்ளேயே ஒடிந்து, பத்து நாள் கழித்துச் சீழ் வைக்கும். குறடு இல்லாமல் மலையேறக் கூடாது என்பார்.

சிறுத்தை வந்தால் பேச்சே இல்லை, நாயைத் தூக்கிக்கொண்டு போய்விடும். நரி கடித்தால் வெறிநோய் பயம்.

பன்றி எல்லாவற்றிலும் மோசம். அதன் கீழ்க் கோரைப்பல் மேல்பல்லில் உரசி உரசித் தானே சாணை பிடித்துக்கொள்ளும். தலையைத் தாழ்த்தி வந்து மேல்நோக்கி ஒரு இழுப்பு. நாயின் வயிறும் தொடையிடுக்கும் அந்த உயரத்தில்தான் இருக்கும். பழகின நாய் நேராகப் போகாது. காதைப் பிடிக்கும், இல்லையென்றால் பின்னால் நின்று கலைக்கும். பழகாத நாய் முகத்துக்கு நேரே போகும். செவலைக்குப் பழக்கம் ஏது? கட்டியே வளர்த்த நாய்.

1962 மார்கழிக் கடைசி. எனக்குப் பன்னிரண்டு வயது. அன்று ராத்திரி காவலுக்குச் சித்தப்பாவும் நானும். கீழ்க்கொல்லையில் சத்தம் கேட்கிறது என்று சித்தப்பா பந்தத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் போன கொஞ்ச நேரத்தில் பரணுக்கு மேற்கே கொடி பிடுங்கும் சத்தம். செவலை கயிற்றை இழுத்துக்கொண்டு துள்ளியது. நான் தகரத்தைத் தட்டியிருக்கலாம். பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்ல ஒரு கதை வேண்டும் என்று தோன்றியதோ என்னவோ, கீழே இறங்கி முடிச்சை அவிழ்த்துவிட்டேன். "பிடி" என்றும் சொன்னேன்.

குட்டிகளோடு வந்த கூட்டமாக இருந்தால் ஓடியிருக்கும். அது ஒற்றை ஆண் பன்றி. நான் கேட்டது இரண்டே சத்தம். இரண்டாவது நாயுடையது.

சித்தப்பா ஓடிவந்து பந்தத்தைக் காட்டியபோது செவலை எழுந்து நிற்கப் பார்த்தது. வயிற்றுப் பக்கம் ஒரு சாண் கிழிந்து குடல் வெளியே வந்திருந்தது. சித்தப்பா தன் துண்டை நனைத்துக் குடலைத் தாங்கிச் சுற்றி, தோளில் போட்டுக்கொண்டு வீடு வரை ஓடினார். பின்னால் நான். "எப்படிலே?" என்று மூச்சு வாங்கக் கேட்டார். "கயித்த அத்துக்கிட்டு ஓடிருச்சு" என்றேன்.

மாட்டுக்கு வைத்தியம் பார்க்கிறவர் ஒருவர் எங்கள் தெருவிலேயே இருந்தார். அரிக்கேன் வெளிச்சத்தில், வெந்நீரில் உப்புப் போட்டுக் குடலைக் கழுவி, மண்ணும் கடலை இலையும் எடுத்து, மெல்ல உள்ளே தள்ளினார். "குடல் கிழியல, தப்பிக்கும்" என்றார். ஊசியைக் கொதிக்க வைத்து, உள் சவ்வுக்கு ஒரு தையல், தோலுக்கு ஒரு தையல். மேலே மஞ்சளும் வேப்பெண்ணெயும். தாத்தா நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். வாயைக் கட்டவேண்டாம் என்றார். கட்டவேண்டியிருக்கவும் இல்லை.

நாலைந்து நாள் தேறுவது போலத்தான் இருந்தது. கஞ்சி குடித்தது, வாலை ஆட்டியது. அப்புறம் தையல் ஓரத்தில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிட்டது. தேங்காயெண்ணெயில் கற்பூரம் கரைத்து ஊற்றினார்கள், சீத்தா இலையை அரைத்து வைத்தார்கள். புழு போயிற்று, காய்ச்சல் போகவில்லை. ஒன்பதாம் நாள் விடியற்காலையில் செத்துப்போனது. தாத்தா புஞ்சை வரப்பில் புதைத்தார்.

பிற்காலத்தில் சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரர் இலங்கை வேட்டையைப் பற்றி 1854-ல் எழுதிய புத்தகத்தைப் படித்தேன். நுவரெலியாவில் நாய்க்கூட்டம் வைத்துக்கொண்டு மிளா வேட்டையாடியவர். பன்றியிடம் நாய்கள் கிழிபடுவதும் சிறுத்தையிடம் போவதும் அதில் வரும். அந்த நாய்களின் மேல் அவருக்குப் பிரியம் இருந்ததும் தெரியும். ஆனாலும் அடுத்த வாரம் மறுபடி கிளம்பிவிடுவார்! அவருக்கும் மணலேரனுக்கும் எவ்வளவு தூரம் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு, எனக்கும் மணலேரனுக்கும் எவ்வளவு தூரம் என்றும். அவன் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கின நாய் செத்ததை மறைக்கவில்லை. பன்றி மேல் விட்டதால் செத்தது என்று ஊர்க் கோயில் வாசலில், மழைக்கும் வெயிலுக்கும் நிற்கிற கல்லில் வெட்டிவைத்தான். நான் கயிற்றின் மேல் பழி போட்டவன்.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டு மிருகத்தை விரட்டுவதும் அந்தச் சட்டப்படி வேட்டைதான். நாயைக் கூட்டிக்கொண்டு மலையேறுவது நின்றுபோனது, நல்லதுதான். தாத்தா அதற்கு முந்தின வருஷமே போய்விட்டார். கடைசி வரை நான் அவரிடம் சொல்லவில்லை.

பெங்களூரிலிருந்து திரும்பி வந்தவுடன் ஊருக்குப் போய்ச் சித்தப்பாவிடம் சொன்னேன். அவருக்கு அப்போது அறுபது தாண்டியிருக்கும். திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை.

"இத இப்பத்தான் சொல்லுதியாக்கும்? அன்னிக்கு ராத்திரியே தாத்தா பந்தத்தை எடுத்துக்கிட்டுப் பரணுக்குப் போனாரு. கயிறு முழுசாக் கெடந்துச்சு. கையில சுருட்டி எடுத்துட்டு வந்தவரு, 'பய கிட்ட ஒண்ணும் கேக்காத'ன்னு எங்கிட்ட சொல்லிட்டாரு."

அந்தக் கயிறு எங்கே என்று கேட்டேன்.

"அதுக்கென்ன, கன்னுக்குட்டி கட்டினோம். நீதான தெனமும் அவுத்துத் தண்ணி காட்டுவ" என்றார்.