பிறந்த குழந்தையா, பிறக்கப்போகும் குழந்தையா?

வந்தான், வருகிறான், வருவான் என்ற மூன்று சொற்களைக் கேட்டதும் காலம் எதுவென்று நமக்கு விளங்கிவிடுகிறது. எல்லா மொழிகளும் இப்படித்தான் என்று எண்ணிவிடாதீர்கள். விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் பெரும்பகுதி எழுதப்பட்ட பண்டைய எபிரேய மொழியில் அடிப்படை வினை வடிவங்கள் இரண்டே. ஒன்று செயலை முடிந்ததாகக் காட்டும். மற்றொன்று முடியாததாகக் காட்டும். காலத்தை இடம் நோக்கியே உணர வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் ஏவால்ட் வற்புறுத்திய இவ்விளக்கத்தை, ஆங்கிலேயரான டிரைவர் 1874-இல் தனி நூலாகவே விரித்து எழுதினார்.

இது புலவர்களுக்கு மட்டும் உரிய செய்தியன்று. ஏசாயா கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் யூதா நாட்டில் வாழ்ந்தவர். அவர் பெயரால் வழங்கும் நூலின் 9-ஆம் அதிகாரம் ஒரு குழந்தையின் பிறப்பையும் ஆட்சியையும் பேசுகிறது. குழந்தை பிறந்தது, ஆட்சி அவன் தோளில் அமைந்தது, அவனுக்குப் பெயரிடப்பட்டது ஆகிய மூன்றுமே எபிரேயத்தில் முடிந்த செயல்களாக நிற்கின்றன. 1611-இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்போ பிறப்பை நிகழ்ந்துவிட்டதாகவும், மற்ற இரண்டையும் இனி நிகழப்போவதாகவும் தந்தது.

அப்படியானால் அக்குழந்தை யார்? முன்பே பிறந்துவிட்ட எசேக்கியா மன்னனே என்றார் 11-ஆம் நூற்றாண்டு யூத உரையாசிரியர் ராஷி. ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின் பிறந்த இயேசுவே என்பது கிறிஸ்தவ மரபு.

வருவதை வந்ததாகச் சொல்வது கூடுமா? கூடும். உறுதியாக நடக்கப்போவதை நடந்துவிட்டதாகவே தீர்க்கதரிசி கூறுவதுண்டு என்று யூத இலக்கண அறிஞர் டேவிட் கிம்ஹி (1160–1235) விளக்கினார். நமக்கும் இது புதிதன்று. தெளிவு காரணமாகக் காலம் மாறி வரலாம் என்கிறது நன்னூல். எறும்பு முட்டையுடன் மேடேறினால் மழை பெய்தது என்று சொல்லும் வழக்கை உரையாசிரியர்கள் இதற்குக் காட்டுவர்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எபிரேய எழுத்துகள் பெரும்பாலும் மெய்களை மட்டுமே குறிப்பவை. மசோரெத்தியர் எனப்படும் ஏடு காத்த அறிஞர்கள் உயிர்க்குறிகளைச் சேர்த்தது ஏறத்தாழ கி.பி. 7 முதல் 10 வரையான நூற்றாண்டுகளில்தான். சாக்கடல் அருகே ஒரு குகையில் 1947-இல் கிடைத்த ஏசாயா சுருள் கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. அதில் உயிர்க்குறிகள் இல்லை. ஆட்சியைச் சொல்லும் வினையின் முன்னுள்ள 'உம்' பொருள் தரும் எழுத்தை 'வ' என்று படித்து அடுத்த மெய்யை இரட்டித்தால் 'அமைந்தது' என்றாகும். 'ஊ' என்று படித்தால் 'அமையட்டும்' என்றாகக்கூடும். ஓர் உயிரொலி மாறினால் வரலாறு வேண்டுதலாகிவிடும்!

ஆகவே, இலக்கணம் மட்டுமே இவ்வழக்கைத் தீர்த்துவிடாது. எந்தெந்தப் பொருள்கள் பொருந்தும், எவை பொருந்தா என்று எல்லை வகுத்துத் தரும்; அந்த எல்லைக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர் உரையாசிரியரே. ஆய்வுக்கூடத்தில் ஒரு நீளத்தை அளந்தால் பிழை வரம்பையும் சேர்த்தே எழுதுகிறோம். மொழிபெயர்ப்பில் அவ்வரம்பு அச்சாவதில்லை. மொழிபெயர்ப்பில் உள்ள காலத்தை மட்டும் நம்பி 'இது நடந்தது', 'இது நடக்கும்' என்று ஒருவர் அறுதியிட்டுக் கூறினால், மூலத்தில் அந்த வினை எப்படி நிற்கிறது என்று கேளுங்கள்.