காவிரிப் படுகையில் நெற்சேமிப்பு: களஞ்சியம் முதல் கிடங்கு வரை

திறவுச்சொற்கள்: நெற்சேமிப்பு, களஞ்சியம், கிடங்கு, ஈரப்பதம், சுமைதூக்கும் தொழிலாளர், காவிரிப் படுகை

முன்னுரை

தமிழக வேளாண்மை வரலாறு பெரும்பாலும் நிலம், நீர், வரி ஆகிய மூன்றையும் சுற்றியே எழுதப்பட்டுள்ளது. விளைந்த நெல் களத்திலிருந்து உலைக்குச் செல்லும் வரை எங்கே, எவ்வாறு காக்கப்பட்டது என்னும் வினா அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. சேமிப்பிடங்களைப் பற்றிய குறிப்புகளும் பெரும்பாலும் அவற்றின் கொள்ளளவைச் சுட்டுவதோடு நின்றுவிடுகின்றன. ஆயின், கொள்ளளவு மட்டுமே ஒரு சேமிப்பிடத்தின் திறனைத் தீர்மானிப்பதில்லை. உள்ளே வரும் தானியத்தின் ஈரப்பதம், அதனை இடவும் எடுக்கவும் அமைந்த வழி, அப்பணியைச் செய்யும் மனிதரின் உடல் ஆகிய மூன்றும் சேர்ந்தே அத்திறனைத் தீர்மானிக்கின்றன. காவிரிப் படுகையின் சேமிப்பு முறைகள் இம்மூன்றையும் எவ்வாறு கையாண்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இல்லச் சேமிப்பும் பண்டைச் சான்றுகளும்

குதிர், பத்தாயம், சேர், கோட்டை, களஞ்சியம், கொட்டாரம் எனச் சேமிப்பைக் குறிக்கும் சொற்கள் தமிழில் பல. இவை ஒருபொருட் சொற்கள் அல்ல. குதிர் மண்ணால் ஆனது. பத்தாயம் மரப்பலகைகளால் ஆனது. விதைநெல்லை வைக்கோற்புரியால் சுற்றிக் கட்டியது கோட்டை. குதிரிலும் பத்தாயத்திலும் நெல் மேற்புறமாகக் கொட்டப்பட்டு, அடிப்புறத் துளை வழியாக எடுக்கப்பட்டது. இதனால் முதலில் இட்ட நெல்லே முதலில் வெளிவந்தது. பழைய இருப்பு அடியில் தங்கிக் கெடாமல் காக்கும் இந்நெறி, இன்றைய கிடங்கு மேலாண்மையிலும் அடிப்படை விதியாக உள்ளது.

வணிகச் சேமிப்பிற்குப் பட்டினப்பாலை சான்றாகிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் கடலிலிருந்து நிலத்திற்கும் நிலத்திலிருந்து கடலுக்கும் செல்லும் பண்டங்கள் புலிப்பொறி இடப்பட்டு, காவலுடைய முற்றத்தில் குவிக்கப்பட்டிருந்ததை உருத்திரங்கண்ணனார் விரித்துரைக்கிறார். அம்மூட்டைக் குவியல்கள்மீது ஆட்டுக்கிடாய்களும் நாய்களும் துள்ளித் திரிந்ததையும் அவர் காட்டுகிறார். பொறியும் காவலும் கள்வரிடமிருந்து பண்டத்தைக் காத்தன. முற்றம் என்பதோ பண்டம் விரைவில் இடம்பெயரும் என்ற எதிர்பார்ப்பில் அமைந்த இடம். நெடுநாட் சேமிப்பிற்கும் இடைக்காலக் குவிப்பிற்கும் உள்ள இவ்வேறுபாடு பிற்கால நிகழ்வுகளைப் புரிந்துகொள்ளத் துணைபுரியும்.

சோழர் காலத்தில் கோயில் நெற்சேமிப்பின் நடுவமாயிற்று. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், தளிச்சேரிப் பெண்டிருக்கு ஒரு பங்கிற்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் எனப் பணியாளர் பங்குகளை வரையறுக்கின்றன. நெல்லை அளப்பதற்கு ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலையும் பெயர் சுட்டிக் கூறுகின்றன. அளவை நிலைபெறாத இடத்தில் இருப்பைக் கணக்கிட இயலாது. கணக்கில்லாத இருப்பைக் காக்கவும் இயலாது. எனவே மரக்காலையும் சேமிப்பின் கருவிகளுள் ஒன்றாகவே கொள்ளவேண்டும்.

திருப்பாலைத்துறைக் களஞ்சியம்

பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில், பாலைவனநாதர் கோயிலில் உள்ள செங்கற்களஞ்சியம் தஞ்சை நாயக்கர் காலத்தது. இரகுநாத நாயக்கர் ஆட்சியில் கட்டப்பட்டதாகக் கொள்ளப்படும் இதன் கொள்ளளவு 3000 கலம் எனக் குறிக்கப்படுகிறது. வட்ட வடிவச் சுவர், கூம்பிய மேற்புறம், வெவ்வேறு உயரங்களில் அமைந்த வாயில்கள் ஆகியன இதன் சிறப்புக் கூறுகள். திருவரங்கக் கோயிலின் கொட்டாரத்திலும் வட்ட வடிவக் களஞ்சியங்கள் உள்ளன.

இவ்வடிவம் அழகு கருதி மட்டும் அமைந்ததன்று. குவிந்த நெல் சுவரைப் பக்கவாட்டில் தள்ளும். வட்டச் சுவர் அவ்விசையைச் சீராகப் பகிர்ந்துகொள்ளும். மூலைகள் இல்லாததால் நெல் தேங்கிப் பூச்சிகளுக்கு இடமளிப்பதும் குறையும். கூம்பிய மேற்புறத்தில் மழைநீர் நிற்பதில்லை. பல உயரங்களில் வாயில்கள் இருப்பதால், இருப்பின் மட்டத்திற்கேற்ப வெளியிலிருந்தே நெல்லைக் கையாள இயலும். குவியலுக்குள் இறங்கும் மனிதர் சரியும் தானியத்தில் புதையும் இடர் இதனால் குறைந்திருக்கும் எனக் கருதலாம்.

பாட்னாவில் உள்ள கோல்கர் களஞ்சியம் ஒப்பீட்டிற்கு உரியது. 1770ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்திற்குப் பின், ஜான் கார்ஸ்டின் என்னும் பொறியாளரால் 1786இல் கட்டிமுடிக்கப்பட்ட இதன் உயரம் ஏறத்தாழ 29 மீட்டர். வெளிப்புறச் சுழற்படிகளில் மூட்டையுடன் ஏறி, உச்சித் துளை வழியாகத் தானியத்தைக் கொட்டவேண்டும். கதவுகள் உட்புறமாகத் திறப்பதால் அதனை நிரப்பவே இயலவில்லை என்னும் கூற்று இன்றளவும் வழங்குகிறது. அக்கூற்று எவ்வாறாயினும், கொள்ளளவில் பெரியதான அக்கட்டடம் ஒருபோதும் முழுமையாக நிரப்பப்படவில்லை. வழியைச் சிந்திக்காத கொள்ளளவு பயன்தராது என்பதற்கு அது சான்றாக நிற்கிறது.

மூட்டையும் கிடங்கும்

விடுதலைக்குப் பின் சேமிப்பு அரசின் பொறுப்பாக விரிந்தது. 1954இல் வெளிவந்த அனைத்திந்திய ஊரகக் கடன் ஆய்வுக் குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து 1956இல் சட்டம் இயற்றப்பட்டு, 1957இல் மத்தியச் சேமிப்புக் கிடங்கு நிறுவனம் அமைந்தது. இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14 அன்று நிறுவப்பட்டபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது. தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972இல் தோன்றியது.

இம்மாற்றத்தில் நெல் குவியல் நிலையிலிருந்து மூட்டை நிலைக்கு மாறியது. மூட்டையை எண்ணலாம், வண்டியிலும் தொடர்வண்டியிலும் ஏற்றலாம், தரம் பிரித்து அட்டி போடலாம். தரையின் ஈரம் ஏறாமலிருக்க மரச்சட்டங்கள் இடப்பட்டன. சுவருக்கும் அட்டிக்கும் இடைவெளி விடப்பட்டது. பூச்சிகளை அழிக்க அட்டிகளை மூடிப் புகைமூட்டம் செய்யப்பட்டது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையிலிருந்து வெளிவரும் பாஸ்பீன் வாயு பூச்சிக்கு மட்டுமன்றி மனிதருக்கும் நஞ்சு. ஆதலின் காற்றோட்டம் செய்து வாயு முற்றும் நீங்கும் வரை உள்ளே நுழையாதிருத்தல் கிடங்குப் பாதுகாப்பின் முதன்மை விதியாயிற்று.

எனினும் குவியல் முறையில் அடித்துளை வழியே தானாக இறங்கிய நெல், மூட்டை முறையில் மனித முதுகில் ஏறியது. கொள்முதல் நிலையம், லாரி, கிடங்கு, அரவை ஆலை, மீண்டும் கிடங்கு, நியாயவிலைக் கடை என ஒவ்வொரு படியிலும் அது ஏற்றி இறக்கப்படுகிறது. தனியொருவர் சுமக்கும் எடை 55 கிலோவிற்கு மிகலாகாது எனப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இல் பரிந்துரைத்தது. 100 கிலோ அளவிலான மூட்டைகள் அதன் பின்னரும் நெடுங்காலம் வழக்கில் இருந்தன. 50 கிலோ மூட்டை பிற்காலத்தில்தான் பொதுவாயிற்று. தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982இல் இயற்றப்பட்டு, சுமைப்பணி சட்டத்தின் எல்லைக்குள் வந்தது. தானியத்தைக் காக்கும் விதிகள் வந்த விரைவில் சுமப்பவரைக் காக்கும் விதிகள் வரவில்லை என்பதை இக்கால வரிசை உணர்த்துகிறது.

ஈரநெல்லும் திறந்தவெளியும்

1965இல் வெளியான ஆடுதுறை 27 என்னும் குறுகியகால நெல் வகை, தஞ்சைப் பகுதியில் குறுவைச் சாகுபடியை ஊக்குவித்தது. குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தோடு மோதியதால் ஈரநெல் பெரும் சிக்கலாக உருவெடுத்தது. இதற்குத் தீர்வு காணும் பொருட்டு 1967இல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் தொடங்கிய ஆய்வகம், நெல் பதனிடும் ஆராய்ச்சி மையமாக வளர்ந்து 1972இல் தஞ்சாவூருக்கு இடம்பெயர்ந்தது.

நெல் உயிருள்ள விதை, அது சுவாசிக்கிறது. ஈரம் மிகுந்தால் சுவாசம் மிகுந்து வெப்பமும் மேலும் ஈரமும் உண்டாகி, பூஞ்சை பற்றுகிறது. நெடுநாள் இருப்பிற்கு ஏறத்தாழ 14 விழுக்காட்டு ஈரப்பதம் ஏற்றது. அரசுக் கொள்முதலின் பொது வரம்பு 17 விழுக்காடு. மழை ஆண்டுகளில் இவ்வரம்பைத் தளர்த்துமாறு உழவர் கோருவது வழக்கமாகிவிட்டது. உலர்த்தும் வசதி இல்லாத இடத்தில் வரம்பு உழவரைத் தண்டிக்கிறது. வரம்பைத் தளர்த்தினாலோ இழப்பு கிடங்கிற்கு இடம்பெயர்கிறது. இடைக்காலக் குவிப்பிற்குரிய முற்றம் நாட்கணக்கில் சேமிப்பிடமாகும்போது, மூட்டைகள் தார்ப்பாய்க்குக் கீழேயே முளைவிடுகின்றன.

முடிவுரை

குதிரும் பத்தாயமும் வழியைச் சரியாக அமைத்தன. வட்டக் களஞ்சியம் வடிவத்தாலேயே இடரைக் குறைத்தது. கிடங்கு கணக்கையும் போக்குவரத்தையும் எளிதாக்கி, சுமையை மனித உடலின்மீது ஏற்றியது. இவற்றுள் எதுவும் முழுமையான முறை அன்று. களஞ்சியத்திற்கு வந்தது பெரும்பாலும் களத்தில் காய்ந்த நெல்; இன்றைய கிடங்கிற்கு வருவதோ எந்திர அறுவடையின் ஈரநெல். ஆகவே பழைய வடிவத்தை மீட்பதாலோ கொள்ளளவைப் பெருக்குவதாலோ மட்டும் இழப்பு குறையாது. அறுவடைக்கும் கிடங்கிற்கும் இடையே உலர்த்தும் களமும் எந்திரமும், மூட்டைக்கும் முதுகிற்கும் இடையே ஏற்றிறக்கும் கருவியும் அமைதல் வேண்டும். சேமிப்பின் வரலாற்றை எழுதுவோர் கலங்களின் எண்ணிக்கையோடு, அக்கலங்களைச் சுமந்த தோள்களையும் கணக்கில் கொள்ளும்போதே அவ்வரலாறு நிறைவுபெறும்.