பொய்ப்பூச்சி கட்டிய கைகள்



"தூண்டில்காரனுக்குத் தக்கைமேல் கண்" என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால், தக்கையே இல்லாத தூண்டிலும் உலகில் உண்டு. அதிலே புழுவும் கிடையாது, இறாலும் கிடையாது. ஒரு முள், ஓர் இறகு, கொஞ்சம் நூல் அல்லது கம்பி. இவற்றால் கட்டிய பொய்ப்பூச்சிதான் இரை. "அதென்ன வாத்தியாரே, மீன் அவ்வளவு ஏமாளியா?" என்று கேட்பீர்கள். மீன் ஏமாளி அல்ல, கட்டுகிறவர் கெட்டிக்காரர். அந்தக் கெட்டிக்காரத்தனத்தின் வரலாற்றைச் சற்றே பார்ப்போம்.

இந்தப் பொய்ப்பூச்சி பெரும்பாலும் டிரவுட் என்னும் மீனுக்காக உருவானது. குளிர்ந்த, தெளிந்த ஓடைகளில் வாழும் மீன் அது. அதன் உணவில் முக்கியமானது மேஈ என்னும் பூச்சி. நம் ஊர் ஈசலைப் போல இதற்கும் சிறகு முளைத்தபின் ஆயுள் கொஞ்சம்தான். ஒரு நாளோ, சில மணி நேரமோ. ஆனால், சிறகு முளைக்குமுன் பல மாதங்கள் நீருக்கடியில் கல் இடுக்கிலும் பாசியிலும் அது வளர்கிறது. அந்தப் பருவத்துக்கு 'நிம்ஃப்' என்று பெயர். டிரவுட் தன் உணவில் பெரும்பகுதியை நீருக்கடியில்தான் தேடிக்கொள்கிறது.

இந்த உண்மையை ஒப்புக்கொள்ள இங்கிலாந்துக் கனவான்களுக்கு நெடுங்காலம் பிடித்தது. ஹால்ஃபோர்ட் என்பவர் 1886இல் மிதக்கும் பொய்ப்பூச்சிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவருடைய வழியைப் பின்பற்றியவர்கள், நீர்மேல் மிதக்கும் பூச்சியைக் கொண்டு பிடிப்பதே மரியாதை என்றார்கள். ஸ்கியூஸ் என்ற வழக்கறிஞர் 1910இல் நூல் எழுதி அதை மறுத்தார். "மீன் எதைத் தின்கிறதோ அதைத்தானே கட்ட வேண்டும்?" என்பது அவர் வாதம். மீன் வயிற்றில் கிடந்த பூச்சிகளை ஆராய்ந்து அதேபோல நிம்ஃப் கட்டினார். 1938இல் லண்டன் மீன்பிடிப்போர் சங்கத்தில் இதற்காக ஒரு பட்டிமன்றமே நடந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

இந்தச் சண்டைக்கு நடுவே, சத்தமில்லாமல் ஒரு தொழிலாளி வந்தார். அவர் பெயர் ஃபிராங்க் சாயர் (1906–1980). வில்ட்ஷயர் பகுதியில் ஏவன் ஆற்றைக் காக்கும் காவற்காரர். மீன் பிடிக்கும் அதிகாரிகளுக்காக ஆற்றைச் சுத்தமாக வைத்திருப்பது அவர் வேலை. அன்றாடம் ஆற்றங்கரையில் நின்றவர், நீந்தும் நிம்ஃப் தன் கால்களை உடலோடு ஒட்டி மடக்கிக்கொள்வதைக் கண்டார். "அப்படியானால், பொய்ப்பூச்சிக்குக் கால் எதற்கு?" என்று விட்டுவிட்டார். நூலையும் ஒதுக்கினார். மெல்லிய செம்புக் கம்பியையும் ஃபெசன்ட் கோழியின் வால் இறகையும் மட்டும் எடுத்துக்கொண்டார்.

கட்டும் விதம் இதுதான். முள்ளைச் சிறிய குறட்டில் இறுக்கிப் பிடித்து, அதன்மேல் கம்பியைச் சுற்ற வேண்டும். முன்பக்கம் தோள்போலக் கொஞ்சம் பருமனாக்க வேண்டும். நாலைந்து இறகு இழைகளின் நுனியை வாலாக நீட்டிக் கட்டி, மீதியைக் கம்பியோடு முறுக்கி முன்னோக்கிச் சுற்ற வேண்டும். தோள்மேல் இழைகளை முன்னும் பின்னும் மடித்துக் கட்டி முடிக்க வேண்டும். கம்பியே நூல், கம்பியே பாரம், கம்பியே மினுமினுப்பு. வேறொரு வகைப் பொய்ப்பூச்சிக்கு, காலுறைக் கிழிசல் தைக்கும் கம்பளி நூலையே பயன்படுத்தினார் சாயர்.

சிங்கப்பூர் போய்வந்தவர்கள், தேக்காவில் எருமைச் சாலைப் பூக்கடைகளைப் பார்த்திருப்பீர்கள். பூக்கட்டுகிறவர் நூலை அதிகம் இழுத்தால் காம்பு அறுந்துபோகும். தளர விட்டால் சரம் அவிழ்ந்துபோகும். அந்த அளவு விரலுக்குத்தான் தெரியும். பொய்ப்பூச்சி கட்டுவதிலும் அதே கணக்குத்தான்.

இனி நம் மலைகளுக்கு வருவோம். தேயிலை, காப்பித் தோட்டங்களோடு டிரவுட் ஆசையும் மலையேறியது. நீலகிரியில் டிரவுட் வளர்க்க 1863இல் பிரான்சிஸ் டே முயன்றார், பலிக்கவில்லை. பிறகு வில்சன் என்ற அதிகாரியின் முயற்சியால் அவலாஞ்சியில் 1907இல் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. வானவில் டிரவுட் அங்கே நிலைத்தது. இலங்கை நுவரெலியாவுக்கும் 1880களில் டிரவுட் போயிற்று. துரைமார் பெயர்கள் ஏட்டில் இருக்கின்றன. மலைப்பாதையில் சுமை தூக்கியவர்களின் பெயர்களை நாம் எங்கே தேடுவது?

இறகுக்கும் ஒரு கதை உண்டு. தென்னிந்தியக் காட்டுக்கோழியின் கழுத்து இறகில் மெழுகுத்துளிபோல ஒரு புள்ளி மினுங்கும். சால்மன், டிரவுட் மீன்களுக்கான அலங்காரப் பூச்சிகளுக்காக அந்த இறகு கப்பல் கப்பலாகச் சீமைக்குப் போயிற்று. இன்று அந்தப் பறவைக்கு இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காவல். அலங்கார ஆசை எங்கே கொண்டுபோய் விடும் தெரியுமா? வாலஸ் என்ற இயற்கை ஆய்வாளர் 1854இல் சிங்கப்பூரில் இறங்கி, புக்கிட் தீமாக் காட்டில் பூச்சிகள் சேகரித்தார். பின்னர் இத்தீவுக்கூட்டம் முழுவதும் அலைந்து பறவைகளையும் சேகரித்தார். அவர் சேர்த்தவை சிலவும் உட்பட 299 பறவைத் தோல்களை, 2009இல் இங்கிலாந்தின் டிரிங் அருங்காட்சியகத்தில் ஒருவர் திருடினார். எதற்காக? பழைய அலங்காரத் தூண்டில் பூச்சிகள் கட்டுவதற்காக! சாயருக்கோ ஒரு வால் இறகு போதுமாயிருந்தது.

சிங்கப்பூர் நீர்நிலைகள் டிரவுட்டுக்கு ஒத்துவராத சூடு. ஆயினும் இந்தக் கைவேலை அங்கேயும் இருக்கிறது. அங்குள்ள நீர்த்தேக்கங்களில், அனுமதித்த இடங்களில், செயற்கை இரையால் மட்டுமே மீன் பிடிக்கலாம். அங்கே தென்னமெரிக்காவிலிருந்து வந்த பீக்காக் பாஸ் மீன் உண்டு. அது சின்ன மீன்களைத் தின்னும். ஆகவே, கட்டுகிறவர்கள் பூச்சி வடிவை விட்டு, பளபளக்கும் இழைகளால் சின்ன மீன் வடிவைக் கட்டுகிறார்கள். இடம் மாறினால் கட்டும் மாறும். உற்றுப் பார்க்கும் கண் மட்டும் மாறாது.

மாணவச் செல்வங்களே! சாயர் பட்டம் பெற்றவர் அல்லர். ஆனால், ஆற்றில் கண்டதை 1958இல் நிம்ஃப் பற்றிய நூலாக எழுதி வைத்தார். அதனால்தான் ஒரு காவற்காரரின் பூச்சி இன்று உலகத்து ஆறுகளிலெல்லாம் நீந்துகிறது. உள்மரத்தைக் காயப்படுத்தாமல் பால்மரப் பட்டையைச் சீவும் கை, செம்பனைக் குலையின் பருவத்தை அண்ணாந்து பார்த்தே சொல்லும் கண், இவையும் கல்விதான். உங்கள் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டிக்குத் தெரிந்த அந்த வித்தை எந்தப் புத்தகத்திலாவது இருக்கிறதா? இல்லையென்றால், இன்றிரவு பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கேட்டதை ஒரு நோட்டுப் புத்தகத்தில், அவர்கள் பெயரோடு எழுதி வையுங்கள். கைத்தொழில் வாழ்க! அதைக் கற்று எழுதும் கைகளும் வாழ்க!